காய்ந்த உப்பில் கரண்ட் ஓடாது

முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் வயர்மன் லத்தீப்பைத் தெரியாதவர்கள் இல்லை. மோட்டர் நின்றாலும் சரி, சுவிட்ச் போட் எரிந்தாலும் சரி, முதல் போன் அவருக்குத்தான் வரும். வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு பேசாமல் போனால் நல்லது. ஏன் அப்படி நடந்தது என்று விளங்கப்படுத்தாமல் போகமாட்டார். பியூஸ் மாற்ற ஐந்து நிமிடம், அதற்கு விளக்கம் அரை மணித்தியாலம். அந்த விளக்கத்துக்குப் பயந்தே பியூஸைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் ஆட்களும் அங்கே இருந்தார்கள்.

இந்த வியாதி அவருக்கு எங்கே தொற்றியது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் போராளி இயக்கம் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது லத்தீப்புக்குப் பதினைந்து வயது. சோனகத் தெரு வீட்டையும் வாப்பாவின் தையல் கடையையும் அப்படியே விட்டுவிட்டுப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமில் ஓர் ஓலைக் கொட்டில் கிடைத்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த பள்ளிக்கூட வாங்குகளில் பின்னேரம் இவர்கள் படித்தார்கள். ஏழு பேருக்கு ஒரு விஞ்ஞானப் புத்தகம், அதிலும் முதல் இருபது பக்கம் இல்லை.

படிப்பித்த ரீச்சரும் அகதிதான், சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. ஒருநாள் உப்பளத்திலிருந்து பெரிய உப்புக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சோடியம் தண்ணீர் பட்டாலே பொங்கி வெடிக்கிற உலோகம், குளோரீன் மூச்சில் போனால் ஆளை முடித்துவிடும் வாயு, இரண்டும் சேர்ந்ததைத்தான் உங்கள் உம்மாமார் கறி ஆணத்துக்குப் போடுகிறார்கள் என்றார். வகுப்பு சிரித்தது. லத்தீப் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

ரீச்சர் சொன்னது இதுதான். சோடியத்தின் வெளி ஓட்டில் ஒரேயொரு இலத்திரன் தனித்துக் கிடக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் உள்ளே நிறைந்த ஓடு மிஞ்சும், சோடியத்துக்கு நிம்மதி. குளோரீனின் வெளி ஓட்டில் ஏழு. இன்னும் ஒன்று கிடைத்தால் அதற்கும் நிம்மதி. ஆகவே இது கொடுக்கிறது, அது வாங்குகிறது. கொடுத்தது நேரேற்றம் உள்ள அயனாகிறது, வாங்கியது மறையேற்றம் உள்ள அயனாகிறது. நேரும் மறையும் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுவைக்குப் பெயர்தான் அயன் பிணைப்பு. ஆனால் கொடுத்ததும் வாங்கியதும் சோடி போட்டுக்கொண்டு தனியாகப் போய்விடுவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனைச் சுற்றியும் ஆறு குளோரைட்டு அயன், ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் ஆறு சோடியம், மேலும் கீழும் இடமும் வலமும் முன்னும் பின்னுமாகக் கட்டி முழுக்க. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அதற்குள்ளே போய் விசாரிக்க முடியாது.

பிறகு ரீச்சர் அந்தக் கட்டியைக் கல்லால் தட்டினார். அது நசுங்கவில்லை, வாளால் அரிந்ததுபோல் நேராகப் பிளந்தது. ஒரு வரிசை கொஞ்சம் நகர்ந்தால் நேருக்கு முன்னால் நேர் வந்துவிடும், இரண்டும் தள்ளிக்கொள்ளும், அதனால் பிளக்கிறது என்றார். கடைசியாக நாலு டோர்ச் பற்றரி, ஒரு சின்னப் பல்ப், இரண்டு துண்டு வயர். காய்ந்த உப்புக்கட்டியில் வயரை வைத்தபோது பல்ப் எரியவில்லை. கட்டிக்குள் அயன்கள் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாது, அசைவில்லாமல் மின்சாரம் போகாது. அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து வயரை விட்டபோது பல்ப் மங்கலாக எரிந்தது. தண்ணீர் கட்டை அவிழ்த்துவிட்டது, அயன்கள் நடமாடத் தொடங்கிவிட்டன.

வீடில்லை, ஊரில்லை, நாளைக்கு என்ன என்பது தெரியாது. அந்த வருஷத்தில் காரணத்தோடு நடந்த ஒரே காரியம் அந்தப் பல்ப் எரிந்ததுதான் என்று லத்தீப் பின்னாளில் மனைவி ஸுல்பிகாவிடம் சொல்லியிருக்கிறார். விஞ்ஞான வாத்தியாராக வரவேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிவு கட்டியதும் உண்மை. அடுத்த வருஷம் வாப்பா மௌத்தானார். வாப்பா இல்லாத வீட்டைப் பார்க்கப் பதினேழு வயதில் லத்தீப் வயரிங் வேலைக்குப் போனார். பதினொரு வருஷம் யார் யாருக்கோ கையாளாக அலைந்து, பரீட்சை எழுதி, ஒருவழியாக லைசன் எடுத்தார். அந்த அட்டையை அடையாள அட்டைக்கு மேலே வைத்துத்தான் பர்சில் கொண்டு திரிந்தார்.

இனி றொபின்சனைச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். சண்டை திரும்பவும் மூண்ட பிறகு, இரண்டாயிரத்து ஏழில், மனைவி திரேசாவோடும் கைக்குழந்தையோடும் புத்தளத்துக்கு வந்தான். அந்தக் காலத்தில் வன்னி அடையாள அட்டை வைத்திருந்தவனுக்கு ஒரு அறை கொடுக்க எல்லாரும் நடுங்கினார்கள். லத்தீப் தன் வீட்டோடு ஒட்டிய அறையைக் கொடுத்தார். பொலிஸில் பதிவதற்கு மூன்று தரம் கூடவே போய், இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்தும் வைத்தார். உங்களைத் துரத்தினவர்களின் ஊர்க்காரனுக்கா இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பள்ளிவாசலடியில் கேட்டவர்களுக்கு, துரத்தினது இவனில்லையே என்று மட்டும் சொன்னார். நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு இறால் பண்ணையில் வேலையும், பண்ணைக்குள்ளேயே இரண்டு அறை வீடும் எடுத்துக் கொடுத்தார். சண்டை முடிந்த பிறகும் றொபின்சன் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே வீடும் இல்லை, வள்ளமும் இல்லை.

லத்தீப்பின் விளக்கங்களைக் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே மனிதன் றொபின்சன்தான். வேலை முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு அவனே கேள்வி கேட்பான். சீனி சட்டியில் உருகிப் பாகாகிறது, உப்பை எவ்வளவு வறுத்தாலும் ஏன் உருகவில்லை என்று ஒருநாள் கேட்டான். லத்தீப்புக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. எண்ணூறு பாகை வெப்பம் வேண்டும் தம்பி, அந்தக் கட்டு அப்படி, எல்லாப் பக்கமும் பிடித்திருக்கிறது என்று தொடங்கி இலத்திரன்வரை போனார். எல்லாம் கேட்டுவிட்டு றொபின்சன் சொன்னான், உங்கட சோடியம் ஒரு விசரன், கையில இருந்த ஒண்டையும் குடுத்துப்போட்டு நிக்கிறான் என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆடி மாதம் சோளகக் காற்று கடுமையாக அடித்தது. மழை இல்லை. கடலோரக் களப்புத் தண்ணீர் வற்றி உப்பேறிக் கிடந்தது. இறால் குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கொடுக்கும் சில்லுகள் இரவு பகலாகச் சுற்ற, அந்தத் தூவானம் காற்றோடு போய் வரம்பில் நின்ற இரும்பு சுவிட்ச் பெட்டியில் படிந்தது. பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ட்ரிப் சுவிட்ச் இருந்தது. கரண்ட் போகவேண்டிய வழியில் போகாமல் எங்காவது கசிந்தால் அது தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும். மூன்று நாளாக ஒவ்வொரு விடியலிலும் அது விழுந்தது. விழுந்தால் சில்லு நிற்கும், சில்லு நின்றால் இறால் மூச்சு முட்டி மேலே வரும். மனேஜர் அத்தாஉல்லா, புத்தளத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் இறால் மேலே வந்துவிட்டால் அவருக்குக் கண் மண் தெரியாது. லத்தீப்புக்குப் போனுக்கு மேல் போன் போட்டார்.

லத்தீப்புக்கு வேறு இரண்டு பண்ணைகளில் வேலை. போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. வெயிலில் பெட்டி தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. கசிவு பார்க்கிற மீற்றரை வைத்துப் பார்த்தார். அந்த மீற்றரில் முள் மேலே நின்றால் கசிவு இல்லை, கீழே விழுந்தால் கசிகிறது. முள் மேலேயே நின்றது. மூன்று இடத்தில் பார்த்தார், மூன்றிலும் மேலே.

அப்போது றொபின்சன் பக்கத்தில் நின்றான். “நானா, இந்தப் பெட்டியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. அதாலயோ தெரியாது” என்றான்.

“காய்ஞ்ச உப்பில கரண்ட் ஓடாது தம்பி. உனக்கு எத்தின தரம் படிப்பிச்சிருக்கிறன்” என்று லத்தீப் சிரித்தார்.

சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. அதுதான் கொடுமை. கசிவு இல்லை, ஆனாலும் சுவிட்ச் விழுகிறது, அப்படியானால் சுவிட்ச்தான் பழுது என்று முடிவு கட்டினார். உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்திருக்கும். புதியது வர இரண்டு நாள் ஆகும். அதுவரை இறால் உயிரோடு இருக்கவேண்டும். ட்ரிப் சுவிட்சை விலக்கி வயரை நேராகக் கொடுத்தார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கவேண்டிய ஏர்த் கம்பி அரித்துப் போயிருந்ததை அன்றைக்கு அவர் தோண்டிப் பார்க்கவில்லை. அவர் சுவிட்சை விலக்கியதை றொபின்சனைத் தவிர யாரும் பார்க்கவும் இல்லை. மனேஜருக்குச் சில்லு சுற்றினால் போதும், எப்படிச் சுற்றுகிறது என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்தநாள் விடிய ஐந்தரை மணிக்கு, வெறுங்காலோடு ஈர வரம்பில் நின்று, றொபின்சன் அந்தப் பெட்டியின் கதவில் வலக்கையை வைத்தான். பக்கத்துக் குளத்தில் நின்றவன் ஓடிவந்து மரத்துடுப்பால் அடித்துத்தான் அவனைப் பிரித்தெடுத்தான். உயிர் தப்பியது. உள்ளங்கை வெந்து, மூன்று விரல்களின் நரம்பு போய்விட்டது. இனி அவை மடங்காது என்று டொக்டர் சொன்னார்.

செய்தி கேட்டதும் லத்தீப் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போனவரை அன்றைக்கு உள்ளே விடவில்லை. அடுத்தநாள் றொபின்சன் கண் முழித்தபின் அத்தாஉல்லாவும் லத்தீப்பும் சேர்ந்து போனார்கள். கட்டிலடியில் திரேசா நின்றாள். எப்படி நடந்தது, ட்ரிப் சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை, அதை யார் விலக்கினது என்று மனேஜர் கேட்டார். லத்தீப் வாயைத் திறப்பதற்குள் றொபின்சன் பேசிவிட்டான்.

“என்ர பிழைதான் ஐயா. ஒவ்வொரு நாளும் விழுந்து கரைச்சல் தந்தது. நான்தான் வயரை நேராக் குடுத்தனான்.”

சொல்லிவிட்டு லத்தீப்பைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். மனேஜர் தலையில் கையை வைத்தார். கரண்டில் கை வைக்க உனக்கு யார் சொன்னது என்று ஏசினார். லத்தீப் சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். நாலு சொல் போதும். ஆனால் லைசன், மூன்று பண்ணை வேலை, படிக்கிற இரண்டு மகள்மார் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. றொபின்சனின் இடக்கையை ஒருமுறை பிடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை.

மறுநாள் விடியுமுன்னம் அவர் பண்ணைக்குப் போனார். பெட்டிக்குக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தபோது உப்பு வெள்ளையாக இல்லை. வியர்த்து, கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. மீற்றரை வைத்தார். முள் அடியில் போய் விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது, அதற்குப் பின்னால் கசந்தது.

அந்தக் கசப்பில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. ரீச்சரின் பாடத்தில் இருந்தது சோடியமும் குளோரீனும் மட்டும். களப்புத் தண்ணீரில் மகனீசியமும் இருக்கிறது. அது ஒன்றல்ல, இரண்டு இலத்திரனைக் கொடுத்துவிட்டு இரட்டை ஏற்றத்தோடு நிற்பது. சின்ன அயன், பெரிய ஏற்றம். காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக் குடித்து, அந்தத் தண்ணீரில் தானும் கரைந்து மற்ற உப்பையும் கரைக்கும். உப்பளங்களில் உப்பு விளைந்ததும் இந்தக் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள். சோளகக் காற்று பெட்டிக்கு அப்படி வடித்துக் கொண்டுவந்து கொடுக்குமா? எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அப்பியிருந்தது.

அன்றைக்கு அவர் அந்த வரம்பைவிட்டு அசையவில்லை. ஏழு மணிக்கு முள் அடியில். எட்டரைக்குக் கொஞ்சம் எழும்பியது. பத்து மணிக்கு வெயில் ஏற, பெட்டி சுட, உப்பு காய்ந்து வெளுக்க, முள்ளும் மேலே போய் நின்றுகொண்டது. ட்ரிப் சுவிட்சில் ஒரு பழுதும் இருக்கவில்லை. மூன்று நாளாக அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. றொபின்சனும் சொல்லியிருக்கிறான். இரண்டு வாயையும் அடைத்தது லத்தீப்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவர் எப்படிக் கழித்தார் என்று விரித்துச் சொல்லப் பிரியமில்லை. வேலைக்குப் போனார், வந்தார். றொபின்சன் கையில் கட்டோடு பண்ணை வீட்டுக்குத் திரும்பினான். லத்தீப் அந்தப் பக்கம் போகவில்லை. விறைத்த கையோடு குளத்து வேலை செய்யமுடியாது, அதுவும் தானே தேடிக்கொண்ட வினை, ஆகவே மாதக் கடைசியில் வீட்டை விடவேண்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டார். திரேசா பெட்டிகள் கட்டத் தொடங்கிவிட்டாளாம். மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பத்தாம் நாள் ஸுல்பிகா சோற்றுக்கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று நேராகவே கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“லைசன் போனாப் பரவாயில்லை எண்டு நான் சொல்லமாட்டன். எனக்கும் பயம்தான்” என்றாள். “ஆனா நீங்க பத்து நாளா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கப்படுத்தேல்ல. இந்த வீட்டில உங்கட சத்தமே இல்லை. அதுவும் எனக்குப் பயமாக் கிடக்கு.”

அதற்குப் பிறகும் எட்டு நாள் போனது.

பதினெட்டாம் நாள் விபத்தை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். சிங்களவர், வயதானவர், அவசரப்படாத ஆள். கூட ஒரு மின்சாரக்காரரும் வந்திருந்தார். பண்ணைக் கந்தோர் அறையில் சாட்சி எழுதிவிட்டு எல்லாரும் பெட்டியடிக்குப் போகும்போது பகல் இரண்டரை மணி. வந்த மின்சாரக்காரர் தன் மீற்றரை வைத்துப் பார்த்தார். முள் மேலே நின்றது. பெட்டியில் குறையில்லை என்றார். ட்ரிப் சுவிட்சை விலக்கினது யார் என்று அதிகாரி கேட்க, றொபின்சன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நான்தான் என்று திரும்பவும் சொன்னான். அதிகாரி அதை எழுதினார். இன்னும் ஒரு கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது. றொபின்சன் பெட்டி படுக்கையோடு போவான், லத்தீப் லைசனோடு இருப்பார்.

லத்தீப் சிங்களத்தில், பத்து நிமிடம் தரமுடியுமா மஹத்தயா என்று கேட்டார். மனேஜர் திரும்பிப் பார்த்தார். லத்தீப் ஜெனரேற்றர் அறைக்குப் போய் ஒரு போத்தல் பற்றரித் தண்ணீர் கொண்டுவந்தார். பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர், காய்ச்சி வடித்தது, அதில் உப்பு இருக்காது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி மீற்றரின் இரண்டு முனையையும் விட்டார். முள் கொஞ்சம் தள்ளாடியது, விழவில்லை. பெட்டியில் காய்ந்திருந்த உப்புப் பொருக்கைச் சுரண்டி ஒரு ஓட்டுத் துண்டில் வைத்து முனைகளை அழுத்தினார். முள் அசையவே இல்லை. தண்ணீரில் குறை இல்லை, உப்பில் குறை இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு போத்தல் மூடியால் நாலு சொட்டுத் தண்ணீரைப் பெட்டிக்குள்ளே இருந்த உப்பில் விட்டு, முனைகளை வைத்தார்.

முள் அடியில் போய் விழுந்தது.

வந்த மின்சாரக்காரர் குனிந்து பார்த்தார். தன்னுடைய மீற்றரையும் வைத்துப் பார்த்தார். அதுவும் விழுந்தது. லத்தீப் விளங்கப்படுத்தினார். பதினெட்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. விடியலில் இந்தத் தண்ணீரைக் காற்றே கொண்டுவந்து கொடுக்கிறது, கசப்பு உப்பு அதைக் கூப்பிட்டுக் குடிக்கிறது, வெயில் ஏறினதும் சாட்சி காய்ந்துபோய்விடுகிறது என்றார்.

“நானா, சும்மா இருங்க” என்றான் றொபின்சன்.

லத்தீப் சும்மா இருக்கவில்லை. இந்த உப்பில் சந்தேகம் வந்தது றொபின்சனுக்கு, காய்ந்த உப்பில் கரண்ட் ஓடாது என்று அவன் வாயை அடைத்தது நான், சுவிட்சை விலக்கி வயரை நேராகக் கொடுத்ததும் நான், ஏர்த்தைத் தோண்டிப் பார்க்காததும் நான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் ஒரு வயரையும் தொடவில்லை, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றார். பர்சைத் திறந்து லைசன் அட்டையை எடுத்து, கேட்குமுன்னமே அதிகாரியிடம் நீட்டினார்.

அதிகாரி முன்னால் எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே வெட்டினார். அட்டையை வாங்கிக் கோவைக்குள் வைத்தார். விசாரணை முடியும்வரை லத்தீப் எந்தச் சுவிட்ச் போட்டிலும் கை வைக்கக்கூடாது, இந்த மனிதனை வீட்டிலிருந்து எழுப்பவும் கூடாது என்று மனேஜருக்கும் சேர்த்துச் சொன்னார். அத்தாஉல்லா தலையாட்டினார். றொபின்சனைப் புதிதாகச் சாட்சி எழுதக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் லத்தீப்பைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று லத்தீப்புக்குத் தெரியவில்லை.

அதிகாரியிடம் சொல்லியாகிவிட்டது. திரேசாவிடம் சொல்லவேண்டியது மிச்சம் இருந்தது, அதுதான் பெரிய பயம். புருஷன் தன் புத்தியில்லாத்தனத்தால் கையைக் கெடுத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் இவ்வளவு நாளும் அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், அந்தக் கோபத்தோடு பெட்டி கட்டியிருக்கிறாள் என்று எண்ணியபடியே லத்தீப் குளத்து வரம்பால் நடந்தார்.

வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. திரேசா உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. நின்றபடியே, அந்த வயரைக் குடுத்தது நான் பிள்ளை, அவனில்லை, இப்பதான் அங்க சொல்லிப்போட்டு வாறன் என்றார்.

திரேசாவின் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை.

“எனக்குத் தெரியும் நானா. ஆஸ்பத்திரியில கண் முழிச்ச உடனேயே என்னட்டச் சொல்லிட்டார்” என்றாள். “உங்களைக் காட்டிக் குடுக்கவேண்டாம் எண்டும் சொன்னவர். நீங்களே வந்து சொல்லுவீங்களாம். நான் சொன்னனான், வரமாட்டார் எண்டு.”

அவள் கயிறு கட்டிய பெட்டியின்மேல் இருந்துகொண்டாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“ஆஸ்பத்திரியால வந்த நாள்தொட்டு ஒவ்வொரு நாளும் பின்னேரம் இந்த வரம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தவர். பதினேழு நாளும் நான் சொன்னதுதான் சரியா இருந்தது நானா.”

லத்தீப்புக்கு விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று அழுதார்.